புத்தகத்தில் இல்லாத பேர்

உத்தமபாளையம்,
வெகுதானிய வருஷம் ஆவணி 12.

தம்பி சுருளிவேலுக்கு,

உன் மதினி இருளம்மாள் எழுதுவது. ஒன்பது வருஷத்துக்கு முன் விளக்குமாற்றை எடுத்து உன்னை வாசலைவிட்டு விரட்டியவள் இப்போது கடிதம் போடுகிறாளே என்று பயப்படாதே. அந்த விளக்குமாறு தேய்ந்துவிட்டது. கோபம் தேயவில்லை, ஆனால் அதைப் பேச இப்போது நேரமில்லை.

நீ போடி ஞானசிகாமணி முதலாளியோடு சீமைக்குக் கப்பலேறப் போகிறாய் என்று சந்தையில் சொன்னார்கள். அங்கே உள்ள வியாபாரிகளுக்கு ஏலக்காயைத் தரம் பிரித்துக் காட்ட உன் கையைவிட்டால் வேறு கை இல்லையாமே. நல்லது. எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும்.

மிஷன் பள்ளிக்கூடத்து சாராள் டீச்சர் ஒரு படப் பத்திரிகை வைத்திருக்கிறார். லண்டனில் கப்பல்களுக்கென்றே ஒரு காட்சிச்சாலை இருக்கிறதாம். அதிலே கண்ணாடிப் பெட்டிக்குள் டன்மேரா என்ற கப்பலைச் சின்னதாகச் செய்து வைத்திருக்கிறார்கள். படத்தை நான் கண்ணால் பார்த்தேன். பக்கத்தில் ஒரு புத்தகம் இருக்கிறது. பெரிய யுத்தத்தின்போது அந்தக் கப்பலோடு முங்கிப் போனவர்கள் பேரெல்லாம், கூலிக்குப் போனவர்கள் பேர் உட்பட, அதில் எழுதியிருக்கிறது என்று டீச்சர் படித்துச் சொன்னார்.

பிங்கள வருஷம் ஆவணியில் வந்த சர்க்கார் காகிதத்தை நீ மறந்திருக்க மாட்டாய். டன்மேரா என்கிற கப்பல் முங்கிவிட்டது, அதில் போன ஒச்சாண்டி மகன் சுருளிவேல் இறந்துவிட்டான் என்று எழுதியிருந்தது. செத்துப்போனவன் நீ, நடுவீட்டில் உட்கார்ந்து கம்மங்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாய். ஊரே சிரித்தது. உன் அய்யா உனக்குத் திருஷ்டி கழித்துத் தேங்காய் உடைத்தார். தம்பி பேரை எழுதினால் யுத்தத்துக்குக் கூலியாகப் போன அண்ணனுக்குத்தான் ஏதோ ஆகியிருக்கும் என்று இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். நான் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "வெள்ளைக்காரன் எழுத்து மதினி, எவன் பேரையோ எழுதிட்டான். அண்ணன் வேற கப்பல்ல போயிருப்பாக" என்றாய். இருபத்தொரு வருஷமாக அந்த ஒரு சொல்லின்மேல்தான் நான் நிற்கிறேன். பன்னிரண்டு வருஷம் ஆனதும் நீயே வந்து, ஆள் வராவிட்டால் கருமாதி செய்வதுதான் முறை, தாலியைக் கழற்றிவிடுங்கள் என்றபோது விளக்குமாற்றை எடுக்காமல் வேறெதை எடுப்பேன்?

உன் அண்ணன் மகள் மொக்கம்மாளுக்கு மார்க்கையன்கோட்டையில் மாப்பிள்ளை பேசியிருக்கிறது. பையன் பேர் செல்லப்பாண்டி. நல்ல குடும்பம். இதற்கு முன் வந்த மூன்று இடமும் "தகப்பன் இருக்கானா இல்லையா" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டன. இவர்களும் கேட்கிறார்கள், கொஞ்சம் மரியாதையாக. கல்யாணப் பத்திரிகையில் தகப்பன் பேர் எப்படிப் போடுவது என்று தெரிந்தாக வேண்டும்.

தேவதானப்பட்டி அம்மனுக்குப் பூட்டிய கதவுக்குத்தான் பூஜை. அம்மன் உள்ளே இருக்கிறாள் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் கதவைத் திறக்க வேண்டியதில்லை. எனக்கு அப்படி இல்லை, தம்பி. நானும் கதவுக்குத்தான் பூஜை செய்துகொண்டிருக்கிறேன், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று தெரியவில்லை. நீ போய்த் திறந்து பார்.

உன் அண்ணன் பேரை நான் எழுத மாட்டேன், உனக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தில் அவர் பேர் இருக்கிறதா, இல்லையா, அது ஒன்றைப் பார்த்து எழுது. எதுவானாலும் உள்ளதை எழுது.

இப்படிக்கு,
உன் மதினி
இருளம்மாள்.


பம்பாய்,
12-9-1938.

மரியாதைக்குரிய மதினிக்கு,

உங்கள் கடிதம் நான் போடியைவிட்டுக் கிளம்பும் அன்று காலையில் கிடைத்தது. உறையின் மேலிருந்த உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும், மொக்கம்மாளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டேன். கல்யாணச் செய்தி என்று தெரிந்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

நாளை மறுநாள் கப்பல். நேற்று முதலாளி துறைமுகத்தைக் காட்ட அழைத்துப் போனார். கடலை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தண்ணீரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே நாற்றம் வந்துவிட்டது. கப்பலில் ஏறுகிற படியைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. "என்ன சுருளி, ஏலமலை உச்சியிலே ஆடுமாதிரி ஏறுவே, இதுக்குப் பயப்படுதியே" என்று முதலாளி சிரித்தார். அண்ணனும் இந்தத் துறையில்தான் ஏறியிருப்பாக. அந்தப் படியா, வேறு படியா தெரியாது. நான் கொஞ்ச நேரம் மூட்டைகளின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மதினி, நான் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. இருந்தாலும் கேட்கிறேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அதைத் திறந்துதான் பார்க்க வேண்டுமா? மார்க்கையன்கோட்டைக்காரர்களிடம் நானே வந்து பேசுகிறேன். அண்ணன் பேருக்கு முன்னால் எதையும் போடாமல் வெறும் பேரைப் போடலாம்.

போகச் சொன்னால் போகிறேன். மாட்டேன் என்று சொல்லவில்லை.

தங்கள் கொழுந்தன்
சுருளிவேல்.


லண்டன்,
16-10-1938.

மரியாதைக்குரிய மதினிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். கப்பலில் எட்டு நாள் நான் மனுஷனாகவே இல்லை. அதை எழுதினால் கடிதம் நாறும்.

இந்த ஊர் நம்மைப் போன்றவர்களுக்கு ஆகாது. ஒரு வாழைப்பழத்துக்குக் கொடுக்கிற காசில் சின்னமனூரில் ஒரு தார் வாங்கிவிடலாம். எலுமிச்சம்பழத்தை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றி நகை மாதிரி விற்கிறார்கள். வெந்நீர் வேண்டுமென்றால் குழாய்ப் பெட்டியில் காசு போட வேண்டும், காசு தீர்ந்தால் குளிக்கிற நடுவில் தண்ணீர் பச்சைத் தண்ணீராகிவிடுகிறது. முதலாளியே இரண்டு வேளைதான் சாப்பிடுகிறார். மூன்றாவது வேளைக்கு ஜெபம் செய்துகொள்கிறார்.

மறுபடியும் யுத்தம் வரும் என்று இங்கே எல்லாரும் பேசுகிறார்கள். பூங்காக்களில் ஆள் பதுங்குவதற்குப் பள்ளம் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். விஷக்காற்றுக்கு என்று முகத்தில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு மூடி கொடுத்திருக்கிறார்கள். குழந்தைகள் அதை மாட்டிக்கொண்டு விளையாடுவதைப் பார்த்தேன்.

காட்சிச்சாலையை இன்னும் பார்க்கவில்லை. முதல் வாரம் முதலாளிக்குக் காய்ச்சல். இரண்டாவது வாரம் வியாபாரிகள் வந்துவிட்டார்கள், பெட்டி பெட்டியாகப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது மூடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் மழை இல்லாவிட்டால் போகிறேன்.

பையனைப் பற்றி எழுதுங்கள். மொக்கம்மாளுக்குப் பிடித்திருக்கிறதா?

தங்கள் கொழுந்தன்
சுருளிவேல்.


உத்தமபாளையம்,
ஐப்பசி 25.

தம்பிக்கு,

உன் கடிதத்தில் வாழைப்பழ விலை தெரிந்தது, எலுமிச்சம்பழ விலை தெரிந்தது. நான் கேட்டது தெரியவில்லை. மழை இல்லாவிட்டால் போகிறேன் என்கிறாய். நீ உப்பு மூட்டையா, கரைந்து போக? சின்ன வயசில் குத்தகைக்காரன் தோப்பில் இடி மழையிலே ஏறி மாங்காய் பறித்தவன்தானே நீ.

கல்யாணம் தை பதின்மூன்று, வியாழக்கிழமை. மொக்கம்மாளுக்குப் பிடித்திருக்கிறது. கேட்டால் சொல்ல மாட்டாள், ஆனால் மார்க்கையன்கோட்டை என்று யாராவது சொன்னால் கையிலிருக்கிற வேலையைக் கீழே வைத்துவிடுகிறாள். மாப்பிள்ளை அதிகம் பேசாத பிள்ளை. போன வாரம் வந்தபோது, மாட்டுக் கொட்டகையில் ஒரு கால் சாய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு யாரும் சொல்லாமலே முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அது போதும்.

தேனி அச்சாபீசுக்குப் போனோம். பெண்ணின் தகப்பனார் பேர் என்ன என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்க முடியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து அந்த மனுஷர் கத்திக் கேட்டார். மொக்கம்மாள்தான் சொன்னாள். முகம் பார்க்காத தகப்பன் பேரைப் பாடம் ஒப்பிக்கிறமாதிரி சொன்னாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, அச்சுமை நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

உன் அண்ணன்மேல் எனக்கு இருக்கிற ஆங்காரம் உனக்குத் தெரியாதது இல்லை. அவர் போன அன்று என் வயிற்றில் மூன்று மாசம். அன்றைக்குக் காலையில் கஞ்சி குடித்துக்கொண்டே, "ஆறே மாசம், வந்துருவேன். கடல் எப்பிடி இருக்கும்னு பாக்கணும்ல" என்றார். முல்லையாற்றில் முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்கப் பயப்படுகிற மனுஷர். அவருக்குக் கடல் பார்க்கிற ஆசை எங்கிருந்து வந்தது? பிள்ளைத்தாய்ச்சியைவிடப் பெரியதா கடல்? ஒவ்வொரு பொங்கலுக்கும் பானை பொங்கும்போது நான் அவரை ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் குலவை போடுகிறேன். நீயும் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறாயே.

அச்சாபீஸ்காரர் கார்த்திகை முடியும்வரை பொறுக்கிறேன் என்றிருக்கிறார். போய்ப் பார். காசு போனாலும் ஆகாயத் தபாலில் எழுது.

உன் மதினி
இருளம்மாள்.


லண்டன்,
27-11-1938.

மரியாதைக்குரிய மதினிக்கு,

இன்றைக்குப் போய்விட்டு வந்தேன். காலையிலேயே கிளம்பி ஆற்றோரமாக நடந்தே போனேன்.

பெரிய கட்டடம். வாசலில் இரண்டு நங்கூரம் கிடக்கின்றன, நம் தேர் வடம் பருமனில் சங்கிலி. உள்ளே போனதும் முதலில் ஒரு மரப் பெண்பிள்ளை நிற்கிறாள். கப்பலின் முகப்பில் வைப்பார்களாம். கன்னத்துச் சாயம் உரிந்து, கண் மட்டும் அப்படியே இருக்கிறது. பழைய பீரங்கி, திசை காட்டும் பெட்டி, கடலில் முங்கி எடுத்த தட்டு, ஒற்றைச் சப்பாத்து. எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தேன். எதையும் விடவில்லை. பார்க்க வந்ததைக் கடைசியில் பார்க்கலாம் என்றே ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றேன்.

டன்மேரா மூன்றாவது கூடத்தில் இருக்கிறது. நம் வீட்டில் நெல் கொட்டும் குதிர் ஒன்றை நீளவாட்டில் படுக்கவைத்த அளவு. கறுப்பு உடம்பு, மஞ்சள் புகைக்கூண்டு. ஓரமாகக் குட்டிப் படகுகள் தொங்குகின்றன, எண்ணினேன், எட்டு. அவ்வளவு பெரிய கப்பலுக்கு எட்டுதானா என்று அங்கிருந்த காவல்காரக் கிழவரைக் கேட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன், அவருக்குப் புரிந்தது. மேல்தட்டுக்காரர்களுக்கு எட்டு போதும் என்றார். கூலியாட்கள் எங்கே இருப்பார்கள் என்றேன். கண்ணாடிமேல் விரல் வைத்துக் காட்டினார். முன்பக்கம், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. அங்கே ஜன்னல் செய்யவில்லை. நான் குனிந்து வெகுநேரம் பார்த்தேன்.

புத்தகம் பக்கத்து மேஜையில் இருந்தது. கிழவர் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். பெட்டிகளின் மேல் மார்க் எழுதுகிற அளவுக்கு எனக்கு அந்த எழுத்து தெரியும். வெள்ளைக்காரர்கள் பேர் முதலில், நம் ஆட்கள் பேர் கடைசியில்.

மதினி, அந்தப் புத்தகத்தில் அண்ணன் பேர் இல்லை. மூன்று தரம் பார்த்தேன். ராக்கையா என்ற பேரே அதில் இல்லை.

இதை எழுதிவிட்டுத் தபாலாபீசுக்கு ஓட வேண்டும். வேறொன்றும் எழுத ஓடவில்லை.

தங்கள் கொழுந்தன்
சுருளிவேல்.


உத்தமபாளையம்,
மார்கழி 8.

தம்பி சுருளிவேலுக்கு,

கடிதம் வந்த அன்று நான் அடுப்பில் உலை வைத்தது எனக்கு நினைவில்லை. சோறு தீய்ந்து, மொக்கம்மாள் ஓடிவந்து இறக்கினாள். அவளிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அப்ப அப்பா இருக்காக" என்றாள். அவ்வளவுதான். இரண்டு பேரும் தீய்ந்த சோற்றைத் தின்றோம்.

மறுநாளே தேவதானப்பட்டிக்குப் போய் அம்மன் கதவுக்கு மாலை சாத்தினேன். பத்திரிகை அச்சாகிவிட்டது. அவர் பேரைப் போட்டு, பக்கத்தில் "பாஸ்ரா" என்று ஊர்ப் பேரும் போட்டிருக்கிறது. யுத்தத்துக்குப் போன கூலியாட்கள் எல்லாரும் அங்கேதான் போனார்கள், அதனால் அப்படிப் போட்டோம். மார்க்கையன்கோட்டைக்காரர்கள் மாப்பிள்ளைக்கு அந்தத் திக்கிலிருந்து ஏதாவது சீர் வருமா என்று வேடிக்கையாகக் கேட்டார்களாம். நானும் சிரித்தேன். தலையில் பூ வைத்துக்கொண்டேன். இருபது வருஷமாக வைக்கிற பூதான், ஆனால் முன்பெல்லாம் யாராவது பார்த்து முகத்தைச் சுளிப்பார்களோ என்று பயந்து வைத்தேன். இந்தத் தடவை நிமிர்ந்து வைத்தேன்.

இப்படிப் பத்து நாள்.

பதினோராம் நாள் கிணற்றடியில் ராமுத்தாய் கேட்டாள். என் பக்கத்து வீட்டுக்காரி, அவள் நாக்கு உனக்குத் தெரியும். "உசுரோட இருக்குற மனுசன் ஏன் இருபத்தொரு வருசமா ஒரு கடுதாசி போடல ஆத்தா?" என்றாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் கேட்டது சரிதானே. செத்திருந்தால் கப்பலைத் திட்டுவேன், கடலைத் திட்டுவேன், சாமியைத் திட்டுவேன். இருக்கிறார் என்றால் யாரைத் திட்டுவது? அங்கன ஒரு வீடு இருக்கும். ஒருத்தி இருப்பாள். பிள்ளைகள் இருக்கும். நான் இங்கன ஒரு கயிற்றுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருக்கிறேன்.

முடிவு செய்துவிட்டேன், தம்பி. கல்யாணம் முடியட்டும். மூன்றாம் நாள் மறுவீடு முடிந்ததும், ஊர்ச் சாவடியில் நாலு பேரைக் கூட்டி, அவர்கள் முன்னாலேயே தாலியைக் கழற்றி வீசப் போகிறேன். செத்தவனுக்காக இல்லை, என்னை மறந்தவனுக்காக என்று சொல்லிவிட்டுத்தான் வீசுவேன். அவர் பேர் இந்த ஊரில் நாறட்டும். கருமாதி செய்ய வேண்டாம் என்று உன்னை விரட்டியவள் நான். இப்போது அந்த மனுஷருக்கு எள்ளும் தண்ணீரும்கூடத் தண்டம் என்கிறேன்.

உனக்கு நான் கடன்பட்டவள். உண்மையைப் போய்ப் பார்த்து எழுதினாய். ஒன்பது வருஷக் கோபத்தை விட்டுவிட்டேன். திரும்பி வந்ததும் நேரே வீட்டுக்கு வா. உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன்.

உன் மதினி
இருளம்மாள்.


லண்டன்,
15-1-1939.

மதினி,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. கல்யாணத்துக்கு முன் இது கிடைக்க வேண்டும் என்று ஆகாயத் தபாலில் போடுகிறேன். கிடைக்கக் கூடாது என்றும் மனசு ஒருபக்கம் சொல்கிறது.

அண்ணன் பேர் நாறக் கூடாது. அந்த ஒன்றுக்காக எழுதுகிறேன்.

புத்தகத்தில் அண்ணன் பேர் இல்லை என்று எழுதினேன். அது பொய்யில்லை. என் பேர் இருக்கிறது. சுருளிவேல், தகப்பன் ஒச்சாண்டி, உத்தமபாளையம், மதுரை ஜில்லா. விரல் வைத்துக் காட்டினேன். உனக்கு உறவா என்று கிழவர் கேட்டார். நான்தான் என்றேன். அவர் சிரித்துவிட்டார். அன்றைக்கு நம் வீட்டிலும் எல்லாரும் இப்படித்தான் சிரித்தார்கள்.

பிங்கள வருஷம் வைகாசியில் தாலுக்கா கச்சேரிக்கு எதிரே, யுத்தத்துக்குக் கூலியாள் சேர்க்கிற ஆள்கட்டுக்காரர்கள் தமுக்கடித்தார்கள். கூட்டாளிகள் சவால் விட்டார்கள் என்று நான் போய்ப் பேர் கொடுத்துப் பெருவிரல் வைத்துவிட்டேன். உயரம் அளந்தார்கள், மார் அளந்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் பயம் பிடித்துக்கொண்டது. மூன்று நாள் கரட்டுமலையில் ஒளிந்திருந்தேன். அண்ணன்தான் தேடி வந்து கண்டுபிடித்தார். நான் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் திட்டவில்லை. "பேரு குடுத்தாச்சு, ஆளு போகணும்ல. இல்லேன்னா வீட்டுக்குப் போலீஸ் வரும், அய்யா தாங்கமாட்டாக. எல்லாக் கறுப்பு மூஞ்சியும் அவனுக்கு ஒண்ணுதான். நான் போயிட்டு வாறேன்" என்றார்.

நான் அந்தச் சமயத்தில்கூட உங்கள் வயிற்றுப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, மதினி. அவர் மனசு மாறிவிடுவாரோ என்று பயந்தேன்.

போகும்போது ஒன்று சொன்னார். "மதினிகிட்ட கடல் பாக்கப் போறேன்னு சொல்லியிருக்கேன். நீ வாயத் தொறக்காத. தெரிஞ்சா உன்னைய ஆயுசுக்கும் மன்னிக்கமாட்டா." கடலைப் பற்றி அவருக்கு எந்த ஆசையும் இல்லை. தண்ணீருக்கு அவ்வளவு பயந்த மனுஷர். ஜன்னல் இல்லாத அந்த இடத்தைக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தபோது எனக்கு அதுதான் தோன்றியது.

காகிதம் வந்த அன்று எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அய்யா திருஷ்டி கழித்து உடைத்த தேங்காயில் ஒரு சில்லை என் வாயில் வைத்தார். நான் தின்றேன். நீங்கள் தனியாக வந்து கேட்டபோது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. உங்கள் வயிற்றைப் பார்த்தேன், விழுங்கிவிட்டேன். பிள்ளை பிறக்கட்டும் என்றிருந்தேன். பிறந்ததும் பால்குடி மறக்கட்டும் என்றிருந்தேன். அய்யா கண்ணை மூடட்டும் என்றிருந்தேன். ஒவ்வொரு வருஷமும் சொல்வதற்கு முன்னைவிடக் கஷ்டமாகிவிட்டது. பன்னிரண்டாம் வருஷம் உண்மையைச் சொல்லாமல் கருமாதியை மட்டும் முடித்துவிடலாம் என்று வந்தேன். அதற்குத்தான் விளக்குமாறு. அது போதாது.

தாலியை எப்படிக் கழற்றினாலும் சரி, மறந்தவர் என்று சொல்லிக் கழற்றாதீர்கள். என்னைச் சாவடியில் நிறுத்துங்கள், என் பேரை நாறடியுங்கள். அவரை விட்டுவிடுங்கள்.

சுருளிவேல்.


உத்தமபாளையம்,
மாசி 2.

சுருளிவேலுக்கு,

உன் கடிதம் தை பன்னிரண்டாம் தேதி, பந்தல் போட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. வாழை மரம் வந்திறங்கிய நேரம். வண்டி மறைவில் நின்று படித்தேன். படித்து முடித்ததும் யாரோ வெற்றிலை எத்தனை கவுளி என்று கேட்டார்கள். இருபது என்றேன்.

யாரிடமும் சொல்லவில்லை. கடிதத்தை அரிசிப் பானைக்குள் போட்டேன். மறுநாள் பந்தலில், மொக்கம்மாளின் தாலியைத் தட்டில் வைத்துச் சுமங்கலிகள் கையால் தொட்டுக் கொடுக்கும்போது நானும் தொட்டேன். தொடக்கூடாதவள் என்று எனக்குத் தெரியும், அந்தப் பந்தலில் வேறு யாருக்கும் தெரியாது. உன் அண்ணனிடம் மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். இருபத்தொரு வருஷம் வைத்துக்கொண்டேன், இன்னும் ஒரு நாள் கொடும் என்று. அவர் பிள்ளைக்காகத்தானே. பாவம் இருந்தால் என்னோடு போகட்டும்.

மறுவீடு முடிந்து பிள்ளைகள் மார்க்கையன்கோட்டைக்கு வண்டியேறிய பிறகு, சாவடியில் சொன்னபடியே நாலு பேரைக் கூட்டினேன். வீசவில்லை. உன் கடிதத்தைச் சாராள் டீச்சரைக் கொண்டு முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கச் சொன்னேன். வாசித்து முடித்ததும் ராமுத்தாய்தான் முதலில் அழுதாள். என்னை ஆற்றுக்கு அழைத்துப் போனதும் அவள்தான். முழங்கால் தண்ணீரில் நின்று கழற்றினேன். அதற்கு மேல் ஆழத்துக்குப் போக எனக்கு மனசு வரவில்லை.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன்.

பத்தொன்பது வயசில் நீ பயந்தது குற்றமில்லை. அவர் போனது அவர் பிரியம். கூடப்பிறந்தவனுக்காகப் போன மனுஷருக்கு நான் பெண்டாட்டியாக இருந்தேன் என்று தெரிந்து எனக்குப் பெருமைதான். செத்ததை மறைத்தாய், அதைக்கூட விட்டுவிடுகிறேன், பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்து வாய் வராமல் போயிருக்கும். ஆனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் அவரைத் திட்டினேன். பானைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. ஆசைக்காரர் என்றேன், ஈவிரக்கம் இல்லாதவர் என்றேன், பெற்ற பிள்ளையைவிடத் தண்ணீர் பெரிதாகப் போனவர் என்றேன். நீ கரும்பைத் தின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாய். ஒரு தரமாவது, "அப்பிடிச் சொல்லாதீக மதினி" என்று சொல்லியிருக்கலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டாம், அது ஒன்றைச் சொல்லியிருந்தால் போதும். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. முயற்சி செய்து பார்த்தேன், முடியவில்லை.

கருமாதி பங்குனி கடைசியில். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. மொட்டையடித்துக் குடம் எடுக்க உன்னைவிட்டால் ஆள் இல்லை. வா. வந்து செய்துவிட்டுப் போ. கருவாட்டுக் குழம்பைப் பற்றி எழுதியிருந்தேன், அதை மறந்துவிடு. உனக்குச் சோறு போடுவேனா என்று எனக்கே தெரியவில்லை.

கப்பலேறுவதற்கு முன் ஒரு வேலை. மறுபடியும் அந்தக் காட்சிச்சாலைக்குப் போ. இதோடு ஒரு தனிக் காகிதம் வைத்திருக்கிறேன். தமிழில் நான் எழுதினேன், கீழே இங்கிலீஷில் டீச்சர் எழுதினார். எழுதும்போது என் கை ஓடவில்லை. கட்டிய நாளிலிருந்து வாயால் சொல்லாத பேர், எப்படி எழுதுவது என்றுகூட யோசிக்க வேண்டியிருந்தது. அந்தக் கிழவரிடம் கொடு. நீ உயிரோடு இருக்கிறாய் என்று சொல், இந்தத் தடவை அவர் சிரிக்காதபடி சொல். உன் பேரை அடித்துவிட்டு இதை எழுதச் சொல். மாட்டேன் என்றால், அந்தப் பக்கத்தில் காகிதத்தை வைத்து மூடிவிட்டு வா.

வருவதற்கு முன் அந்தக் கப்பலின் முன்பக்கத்தில், ஜன்னல் இல்லாத இடத்துக்கு நேரே நின்று, அவர் பேரை ஒரு தரம் சத்தமாகச் சொல்லிவிட்டு வா. இத்தனை வருஷமாக அங்கே அவரை உன் பேரால்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ராக்கையா மனைவி
இருளம்மாள்.